கடலுக்குப் பட்டா போட்டவர்கள்

காற்றுக்குப் பட்டா உண்டா? கடலுக்குக் கிரயப் பத்திரம் உண்டா? இல்லை என்றுதான் எவரும் சொல்வர். ஆனால் தோழர்களே, நமது தூத்துக்குடிக் கடலுக்கு ஒரு காலத்தில் பட்டா இருந்தது. பத்திர ஆபீசில் பதியப்படாத பட்டா அது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் விடுவது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஒன்றுக்கே உரியது என்று துரைமார் முடிவு கட்டியிருந்தனர். அந்தப் பட்டாவைக் கிழித்தெறியப் புறப்பட்டவர் ஒட்டப்பிடாரத்து வக்கீல், வ. உ. சிதம்பரம் பிள்ளை.

கப்பலோட்டினார், செக்கிழுத்தார் என்ற இரண்டு செய்திகளைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அவ்விரண்டுக்கும் நடுவே சட்டம் யார் பக்கம் நின்றது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பேசுவோம். ஏனெனில், அன்று கப்பலை வைத்து நடந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. இன்று அது மருந்தை வைத்தும் இயந்திரத்தை வைத்தும் நடக்கிறது. அதற்குக் காப்புரிமை என்று பெயர். பேடண்ட் என்றால் ஆலைத் தோழர்களுக்கு உடனே விளங்கும்.

பேடண்ட் என்பது ஒரு பேரம். ஒருவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். செய்முறையை ஒளிக்காமல் எழுதிச் சர்க்காரிடம் கொடுக்கிறான். அதற்கு ஈடாக, இத்தனை ஆண்டுக்கு இதை வேறெவரும் செய்யலாகாது என்று சர்க்கார் அவனுக்கு உரிமை அளிக்கிறது. கெடு முடிந்ததும் அந்த அறிவு ஊருக்குப் பொதுவாகிறது. இந்தப் பேரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மூளையை உழைக்க வைத்தவனுக்கும் கூலி வேண்டுமல்லவா?

இந்தப் பேரம் எப்படிப் பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் மன்னர்கள் உப்புக்கும், சீட்டுக்கட்டுக்குங்கூடத் தமக்கு வேண்டியவர்களுக்கு ஏகபோகம் எழுதிக் கொடுத்து வந்தனர். வாங்கி உண்ணும் மக்கள் வயிறெரிந்தனர். 1624-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து அந்த ஏகபோகங்களை ஒழித்தது. புதிய கண்டுபிடிப்புக்கு மட்டும் 14 ஆண்டு உரிமையை விட்டுவைத்தது. புதிதாக எதையும் தராதவனுக்கு ஏகபோகம் கிடையாது. அச்சட்டத்தின் உயிர் அதுதான்.

அந்த நாட்டார் இங்கே ஆள வந்தபோது அந்த உயிரைத் தங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தனர் போலும்! இந்தியாவில் முதல் காப்புரிமைச் சட்டம் 1856-ல் வந்தது. அதன்கீழ் முதல் மனு எதற்குத் தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. துரை தூங்க இரவெல்லாம் கயிறு இழுத்த ஏழைக்குக் கூலி உயர்த்த ஒரு சட்டம் வரவில்லை. அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கும் இயந்திரத்துக்குக் காப்பு வந்தது! மகாராணியின் ஒப்புதல் பெறாமல் செய்தார்கள் என்பதால் அச்சட்டம் மறு ஆண்டே ரத்தாகி, 1859-ல் புதிதாக எழுதப்பட்டது. சட்டம் யாருடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இந்தக் கரையில் நிலைமை எப்படி? முத்தும் சங்கும் சர்க்காரின் சொத்து. பாண்டியர் காலம் முதல் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தவர் நம் கடலோர மக்கள். போர்ச்சுகீசியர் வந்தனர், டச்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். ஒவ்வொருவரும் கரையில் கொடி நட்டு, கடலடியில் கிடக்கும் முத்துப்பாரைத் தமது என்றனர். ஆங்கிலேயர் நடத்திய சலாபங்களில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. சுறாவுக்கும் சுழலுக்கும் நடுவே போனவன் ஒருவன், கரையில் குடை பிடித்து நின்றவன் ஒருவன். பெரிய பங்கு குடை பிடித்தவனுக்கு!

இப்படிப்பட்ட கரைக்கு அருகேதான் 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் சிதம்பரனார் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் சட்டம் படித்து வக்கீலானார். ஒட்டப்பிடாரத்திலும் பின்னர் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். ஏழைகளின் வழக்கை எடுத்து நடத்துகிறவர் என்று பெயர் வாங்கினார். சட்டத்தின் சந்துபொந்து தெரிந்தவர். ஆகவே அவர் வெள்ளையனை எதிர்க்கக் கையில் எடுத்த முதல் ஆயுதமும் சட்டமாகவே இருந்தது. வெடிகுண்டு எடுத்தாரில்லை. கம்பெனிச் சட்டத்தை எடுத்தார்.

1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். சிதம்பரனார் உதவிக் காரியதரிசி. இந்து என்றும் முஸ்லிம் என்றும் பாராமல் வணிகரும் வக்கீலும் ஒரே கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுதினர்.

அந்தக் கம்பெனியின் நோக்கங்களை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஆதாயம் மட்டும் நோக்கமல்ல. நம்மவர்க்குக் கப்பல் ஓட்டக் கற்றுத் தருவது, கப்பல் கட்டக் கற்றுத் தருவது, அதற்குப் பள்ளிகளும் கப்பல் கட்டும் துறைகளும் அமைப்பது என்று எழுதி வைத்தார்கள். பேடண்ட் பேரத்தின் நேர்மையான பாதி எது? அறிவைப் பொதுவாக்குவது. பிரிட்டிஷ் கம்பெனி ஏகபோகத்தை வைத்துக்கொண்டு ஓர் அறிவையும் தரவில்லை. சுதேசிக் கம்பெனியோ ஏகபோகம் எதுவும் கேட்காமலேயே அறிவைத் தர முன்வந்தது!

தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். பிரிட்டிஷ் கம்பெனி அங்கே நெருக்குதல் கொடுக்க, வாடகைக் கப்பல் திரும்பிப் போயிற்று. உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார் சிதம்பரனார். பிறகு பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு வருவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாள்வேன் என்று சபதம் செய்து போனதாகச் சொல்வர். கப்பலோடுதான் வந்தார். 1907-ல் காலியா வந்தது, லாவோவும் வந்தது. காலியாவில் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் ஏறலாம். அந்நாளில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தோணிக்காரர்கள்தான் ஆளையும் மூட்டையையும் கொண்டுபோய் ஏற்றவேண்டும். காலியாவுக்கு முதல் மூட்டையை ஏற்றிய தோணிக்காரன் மனம் எப்படி நிறைந்திருக்கும்!

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஆளுக்கு ஒரு ரூபாய் என்று குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. காசே வேண்டாம், ஏறுங்கள், குடையும் இனாம் என்றது வெள்ளைக் கம்பெனி. இனாம் கொடுத்தது இரக்கத்தாலா? இல்லை. எதிரி செத்த மறுநாள் பழைய கட்டணத்தை வட்டியும் முதலுமாக வசூலிக்கலாம் என்ற கணக்கு அது. பெரிய மூலதனத்துக்கு நஷ்டம் தாங்கும். 25 ரூபாய்ப் பங்குக்கு நஷ்டம் தாங்காது. அதிகாரிகளோ, வைத்தியச் சோதனை, சுங்கச் சோதனை என்று சுதேசிப் பயணிகளை அலைக்கழித்தனர்.

பிரிட்டிஷ் கம்பெனி எதைக் கண்டுபிடித்தது? நீராவியையா? கடலையா? கொழும்புக்குப் போகும் வழியையா? அவ்வழி நம் தோணிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வழி! 1624-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தக் கம்பெனிக்கு ஒரு நாள் ஏகபோகம்கூடச் செல்லாது. கெடுவே இல்லாத ஏகபோகத்தைச் சர்க்கார் தன் கையாலேயே காத்துக் கொடுத்தது.

சிதம்பரனார் கப்பலோடு நின்றிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். அவர் ஆலை வாயிலுக்கும் போனார். ஹார்வி துரைமாரின் கோரல் மில் தொழிலாளர் குறைந்த கூலிக்கு, வார விடுமுறையின்றி உழைத்துக் கொண்டிருந்தனர். 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். வேலையிழந்தவர் வீட்டில் உலை வைக்க ஊரிலே நிதி திரட்டினார் சிதம்பரனார். ஒன்பதாம் நாள் முதலாளி பணிந்தார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. இன்று நாம் அனுபவிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தூத்துக்குடித் தோழர்களின் பட்டினியும் கலந்திருக்கிறது.

துரைமாருக்கு அப்போதுதான் உண்மையிலேயே அச்சம் பிறந்தது. கப்பல் போட்டியைக் குடை கொடுத்துச் சமாளிக்கலாம். மூட்டை தூக்குகிறவனும் நூல் நூற்கிறவனும் பங்கு வாங்கியவனும் ஒன்று சேர்ந்தால் எதைக் கொடுத்துச் சமாளிப்பது? மார்ச் 12-ஆம் நாள் திருநெல்வேலியில் சிதம்பரனாரையும் சிவாவையும் கைது செய்தனர். மறுநாள் நெல்லை கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டனர். தூத்துக்குடித் தொழிலாளர் மறுபடியும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலிக்காக அல்ல, தங்கள் தலைவருக்காக.

ராஜத்துரோகம் என்று வழக்கு. ஜூலை 7-ஆம் நாள் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். சிதம்பரனாரின் குற்றத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு, ஒன்றன்பின் ஒன்றாக 40 ஆண்டு! மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். மாட்டைக் கட்டும் இடத்தில் ஒரு வக்கீலைக் கட்டினார்கள். பிறகு கண்ணனூர்ச் சிறை.

1911-ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். சிதம்பரனார் சிறையில் இருக்கிறார். ஓட்ட ஆளில்லாத சுதேசிக் கம்பெனி அந்த ஆண்டு கலைக்கப்படுகிறது. உண்மையை மறைக்காமல் சொல்வோம்: அதற்குள் கம்பெனிக்குள்ளேயும் பிணக்கு வந்துவிட்டது. அவருடைய அரசியல் ஆதாயத்துக்குக் கேடு என்று டைரக்டர்களில் சிலர் முணுமுணுத்தனர். அவர் எந்தக் கம்பெனியை எதிர்த்துக் காலியாவை வாங்கினாரோ, அந்தக் கம்பெனிக்கே காலியா விற்கப்பட்டது! அதே ஆண்டு ஜூன் 17-ல் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அதே ஆண்டில்தான் இந்தியக் காப்புரிமை மற்றும் வடிவமைப்புச் சட்டம் பிறந்தது. வெள்ளையன் நாட்டைவிட்டுப் போன பிறகும் கால் நூற்றாண்டு அந்தச் சட்டமே நம்மை ஆண்டது.

1912 டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானார். முன்பு ஊரே திரண்டு வந்த தலைவரை வரவேற்கச் சிலரே வந்தனர். தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னது போயிருந்தது. சென்னையில் அரிசிக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். வறுமை வாட்டியது. அந்த வறுமையிலும் தொழிலாளர் சங்கங்களுக்குப் போனார், தொல்காப்பியத்தையும் திருக்குறளின் மணக்குடவர் உரையையும் பதிப்பித்தார். பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளைத் தோலின்மேல் அவருக்குப் பகையில்லை. நம் கரையைச் சுற்றி அவர்கள் போட்ட வேலியின்மேல்தான் பகை. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடிக் காலம் கழித்து, 1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் கண்மூடினார்.

ஊர் பிறகு அவரை நினைத்துக்கொண்டது. 1961-ல் திரைப்படம் வந்தது. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நல்லதுதான். ஆனால் பெயர்ப் பலகைக்கு மாலை போட்டால் கடன் தீர்ந்துவிடுமா? அவர் கேட்ட கேள்வி என்னவாயிற்று?

அந்தக் கேள்வியைச் சுதந்திரத்துக்குப் பின் சிலர் கையில் எடுத்தனர். 1948-ல் பக்ஷி டேக்சந்த் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1957-ல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ராஜகோபால ஐயங்காரிடம் பொறுப்பு வந்தது. 1959-ல் அவர் தந்த அறிக்கை நாட்டின் கண்ணைத் திறந்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் அந்நியருடையவை. அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த மண்ணில் செயல்படுத்தப்படவே இல்லை. அதாவது, இங்கே ஆலை வைக்க மாட்டான், பிறரையும் வைக்க விடமாட்டான், தன் நாட்டிலிருந்து கொண்டுவந்து சொன்ன விலைக்கு விற்பான். காலியாவுக்கு நேர்ந்தது வேறென்ன? கப்பல் என்ற சொல்லை எடுத்துவிட்டு மருந்து என்ற சொல்லை வையுங்கள், கதை அப்படியே இருக்கும்.

பத்தாண்டு இழுபறிக்குப் பின் 1970-ல் புதிய காப்புரிமைச் சட்டம் நிறைவேறி, 1972-ல் நடப்புக்கு வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் பொருளின்மேல் உரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உரிமை. அதுவும் ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்கு மட்டுமே. வேறு வழியில் அதே மருந்தைச் செய்தால் எவரும் தடுக்க முடியாது. உலகிலேயே மருந்து விலை உயர்ந்த நாடுகளில் ஒன்று என்று பெயரெடுத்த நாடு, பிற ஏழை நாடுகளுக்கும் மலிவாக மருந்து அனுப்பும் நாடாக மாறியது அந்தச் சட்டத்தால்தான்.

நம் முத்துக் கதையையும் இங்கே சேர்த்துக்கொள்வோம். சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவிக்கும் முறைக்கு ஜப்பானில் மிகிமோட்டோ 1896-லேயே காப்புரிமை பெற்றார். அவருக்குப் பின் வந்தோரும் பெற்றனர். கெடுவெல்லாம் முடிந்த பிறகும் கைத்தொழிலின் நுட்பத்தை ஜப்பானியர் இரகசியமாகவே காத்தனர். இங்கே 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவில் அழகர்சாமியும் உடன் உழைத்தவர்களும் தாமே முயன்று வளர்ப்பு முத்தை விளைவித்தனர். நம்மவரால் முடியும் என்று 1906-ல் சிதம்பரனார் நம்பியது வீணல்ல என்பதற்கு, அதே கரையில் விளைந்த அந்தச் சின்ன முத்தே சாட்சி.

1995-ல் உலக வர்த்தக நிறுவனம் வந்தது. அதன் ஒப்பந்தத்துக்கு இணங்க நம் சட்டத்தை வளைத்தார்கள். காப்புரிமைக் காலம் 20 ஆண்டாயிற்று. 2005 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை திரும்பி வந்தது. பார்லிமெண்டிலும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பினால் ஒரு வேலி மிஞ்சியது. பழைய மருந்துக்குப் புதுச் சட்டை போட்டு மறுபடி 20 ஆண்டு கேட்க முடியாது, குணப்படுத்தும் ஆற்றல் கூடியிருக்க வேண்டும் என்பது 3(ஈ) பிரிவு. அதைக் காட்டித்தான் 2013-ல் புற்றுநோய் மருந்து வழக்கில் நோவார்ட்டிஸ் கம்பெனியின் கோரிக்கையைச் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியது. அதற்கு முன்னாண்டு, மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய் விலையுள்ள பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்தைச் சுமார் 8,800 ரூபாய்க்கு விற்க இந்தியக் கம்பெனி ஒன்றுக்குக் கட்டாய உரிமம் தரப்பட்டது. விலை எளிய மக்களுக்கு எட்டவில்லை, மருந்து போதிய அளவு கிடைக்கவில்லை, இந்த மண்ணில் உற்பத்தி இல்லை என்பவை காரணங்கள். சட்டம் ஏழையின் பக்கம் நிற்கவும் கூடும் என்பதற்கு இவ்விரண்டும் எடுத்துக்காட்டு.

ஆனால் வேலியைப் பிடுங்குகிறவன் தூங்குவதில்லை. 2024-ல் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. பெற்ற உரிமையை இந்நாட்டில் செயல்படுத்துகிறாயா என்ற கணக்கை ஆண்டுதோறும் தரவேண்டும் என்றிருந்தது, மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும் என்றாயிற்று. உரிமை வழங்கும் முன்பே ஆட்சேபணை எழுப்புகிறவருக்குப் புதிதாகக் கட்டணமும் விதிக்கப்பட்டது. சிறிய மாற்றம் என்பார்கள். குடை இனாம் என்றதும் சிறிய செய்திதான்! அதன் முடிவு என்ன என்பதைக் காலியா கப்பல் சொல்லும்.

தோழர்களே, சட்டத் திருத்தம் என்றாலே அது வக்கீல்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். மருந்துக்கடையில் சீட்டை நீட்டி, விலையைக் கேட்டு, பாதி மாத்திரை போதும் என்று திரும்பி வருகிறவர் யார்? நம் வீட்டார்தாம். ஆகவே ஏகபோகம் கேட்டு எவன் வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். புதிதாக எதைத் தந்தாய்? அதை இந்த மண்ணில் செய்கிறாயா? எத்தனை நாளில் ஊருக்கு விட்டுக் கொடுப்பாய்? சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுவோம், நம் பிரதிநிதிகளிடம் இதைக் கேட்போம். சிதம்பரனாருக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்கு, 25 ரூபாய்ப் பங்கு ஒன்றாவது, அப்போது தீரும்.